திறந்து வைத்தார்கள், சரி. பிறகு?

கொஞ்ச நாளாக முகநூலைத் திறந்தால் ஒரே கொங்கிறீட் வீதிதான். கழுத்தில் மாலையோடு பிரதேச சபை உறுப்பினர், பக்கத்தில் நாலைந்து பேர், கீழே "எமது வட்டார மக்களின் நீண்டகாலக் கனவு நனவானது" என்று ஒரு வரி. வீதி வந்தால் நல்லதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் போன வருடம் போட்ட வீதியின் ஓரம் உடைந்ததைத் திருத்திவிட்டுப் பக்கத்தில் நின்று எடுத்த படம், மாரிக்கு முன்னம் வடிகானைத் தோண்டித் துப்புரவாக்கிவிட்டு எடுத்த படம் என்று ஒன்றாவது யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? போடமாட்டார்கள். திருத்துகிறவனுக்கு யார் மாலை போடுகிறார்கள்?

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் எங்கள் சபைகளைப் பிடித்திருக்கிற நோய் இதுதான் என்பது என் எண்ணம். காசில்லை, ஆளில்லை, அதிகாரமில்லை என்று சொல்வதெல்லாம் உண்மைதான், ஆனால் அவை இரண்டாவது மூன்றாவது காரணங்கள். கட்டுவதற்கு எங்கிருந்தாவது காசு வந்துவிடுகிறது. வெளிநாட்டு உதவி வரும், அமைச்சு ஒதுக்கும், மாகாணம் தரும். கட்டியதைப் பேணுவது மட்டும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யானைகள் பொலித்தீன் பைகளைக் கிளறித் தின்கிற படம் 2022 ஜனவரியில் உலகம் பூராவும் ஓடியது. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததாக அப்போது செய்தி. அந்த இடம் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வந்தது, சுற்றுவட்டாரத்து ஊர்களின் குப்பை அங்கேதான் போனது. யானை வராமல் மின்வேலியும் இருந்தது. 2014இல் அந்த வேலியில் இடி விழுந்தது. அதற்குப் பிறகு திருத்தவில்லை என்றுதான் எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், இடம் கிடைத்திருக்கிறது, வெளிநாட்டுக் காசு கிடைத்திருக்கிறது, வேலிகூட போட்டாயிற்று. இடி விழுந்த பிறகு அதைத் திருத்தும் வேலைக்கு மட்டும் ஆள் இல்லை. அது யாருடைய வேலி? சபைக்குரியதா, வனசீவராசிகள் திணைக்களத்துக்குரியதா, மாவட்டச் செயலகத்துக்குரியதா என்று மூன்று கந்தோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிற காட்சியை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த "யாருடையது" என்ற கேள்வியில்தான் எங்கள் பாதி வாழ்க்கை போகிறது. மின்கம்பம் மின்சாரக்காரருக்கு, அதில் தொங்குகிற வீதி மின்குமிழ் பிரதேச சபைக்கு. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வருகிற ஏ-4 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அதிலிருந்து கிறுகிற ஒழுங்கை சபைக்கு. இடையில் மாகாண வீதி என்று இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையின் வடிகான் சபை கட்டியது, அது போய்ச் சேருகிற பெரிய வடிகானை வீதிக்காரர் கட்டினார்கள், இரண்டும் சந்திக்கிற இடத்தில் பெரியதன் அடிமட்டம் எங்களுடையதைவிட ஒரு முழம் உயரம். தண்ணீருக்கு இந்த நிர்வாகப் பிரிவெல்லாம் தெரியாதே, அது பள்ளத்தைப் பார்த்து எங்கள் வளவுகளுக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் வந்து பாருங்கள். இரண்டு பொறியியலாளர்களும் ஒரு நாள் ஒரே நேரத்தில் அந்த மதகடிக்கு வந்து நின்றிருந்தால் முடிந்திருக்கக்கூடிய காரியம்.

பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் இன்னும் பிரித்தறியாத சனம் நிறைய. பிறப்புச் சான்றிதழ், காணி உத்தரவுப்பத்திரம், அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிக் கொடுப்பனவு எல்லாம் செயலகத்தில். குப்பை, மயானம், சந்தை, நூலகம், கட்டட அனுமதி எல்லாம் சபையில். சனத்துக்கு இது குழம்புவது சபைக்காரருக்கு மிக வசதி, எதைக் கேட்டாலும் "அது எங்கட இல்ல, செயலகத்தில கேளுங்க". பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும், அதனால்தான் மற்றப் பாதி நேரத்தில் அந்தப் பதிலை மறுத்துப் பேச எங்களால் முடிவதில்லை.

என் ஒழுங்கை முனையில் இருக்கிற மின்குமிழ் எரியாமல் போய்க் கிடந்தது. ரியூசன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் வருகிற வழி. சபைக்குப் போய்ச் சொன்னேன், அங்கிருந்த அம்மா ஒரு கொப்பியில் எழுதினார். பிறகும் போனேன். "தம்பி, லைட் இப்ப இல்ல, வந்தாப் போடுவாங்க, மறுகா வந்து பாருங்க" என்றார், கோபமில்லாமல், சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில். சரி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. பெரிய சட்டத்தரணியெல்லாம் தேவையில்லை, கேள்வியைத் தெளிவாக எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்தால் போதும், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லியாக வேண்டும். பதில் வந்தது. அந்த வருடம் எத்தனை மின்குமிழ் வாங்கினார்கள், எவ்வளவு விலை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. எந்தத் தூணில் எதைப் பொருத்தினார்கள் என்று நான் கேட்டதற்கு மட்டும் "அவ்வாறான பதிவேடு பேணப்படவில்லை" என்று ஒரே வரி.

களவு நடந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் களவும் தெரியாது, நேர்மையும் தெரியாது. உறுப்பினரின் வீட்டுக்கு முன்னால் மூன்று தரம் மாற்றியிருந்தாலும் யாருக்கும் காட்ட முடியாது, மாற்றாமலே இருந்திருந்தாலும் காட்ட முடியாது. தூணுக்கு ஒரு இலக்கத்தைப் பெயின்றால் எழுதி ஒரு கொப்பி போடுவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வரத் தேவையில்லை.

மாட்டுக் கதைக்கு வருவோம், அது கொஞ்சம் சிக்கலானது. பெரும்போகம் தொடங்கினால் இரவில் எங்கள் பிரதான வீதியில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். மோட்டார் சைக்கிளில் மோதிச் செத்தவர்கள், கால் முறிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாடு ஏன் தார் வீதிக்கு வருகிறது? வாவிக்கு மேற்கே வயல் நிறைந்த படுவான்கரையில் விதைப்பு முடிந்தால் வயலுக்குள் விடமுடியாது, வெளியே கொண்டுபோக மேய்ச்சல்தரை வேண்டும். மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் ஊருக்கே தெரிந்தது. அந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் பிரதேச சபையால் முடியாது, அது கொழும்புவரை போகிற விசயம். ஆனால் வீதியில் நிற்கிற மாட்டைப் பிடிப்பது, அடைப்பது, தண்டம் அறவிடுவது சபையின் வேலை. எங்கள் சபையும் பிடிக்கும், வருடத்துக்கு ஒரு தரம், யாராவது அடிபட்ட கிழமையில். ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், ஊழியர்கள் இரவு முழுக்க ஓடிப் பிடித்துக் கட்டுவார்கள். விடியக் காலமை உறுப்பினருக்கு ஒரு கோல், உறுப்பினர் சபைச் செயலாளருக்கு ஒரு கோல், "அவர் நம்மட ஆள், பாவம், இந்த முறை விடுங்க". மாடு போய்விடும். இரவு முழுக்கச் சேற்றில் ஓடிய அந்த ஊழியர் அடுத்த முறை ஏன் ஓட வேண்டும்?

அந்த ஊழியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குப்பை உழவு இயந்திரத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் வருடக்கணக்காக அமைய ஊழியர்கள், நிரந்தரம் இல்லை. நிரந்தரமாக ஆள் எடுப்பது சபையின் கையிலும் இல்லை, மாகாணத்தின் வழியாக வரவேண்டும். அந்த மாகாணத்தில் என்ன இருக்கிறது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநரும் அதிகாரிகளும்தான். கையுறை இல்லாமல் மீன் சந்தைக் கழிவை வாரிப் போடுகிற மனிதரிடம் நாங்கள் "உக்கும் குப்பை ஒரு நாள், உக்காத குப்பை ஒரு நாள்" என்று வகுப்பெடுக்கிறோம். வீட்டில் பெண்கள் கவனமாகப் பிரித்து இரண்டு பையில் கட்டி வைப்பார்கள், இரண்டும் ஒரே பெட்டிக்குள் போவதைப் படலையடியில் நின்று கண்ணால் பார்ப்பார்கள். அடுத்த கிழமை பிரிப்பார்களா?

இப்போது வட்டார முறை. 2018 பெப்ரவரித் தேர்தலிலிருந்து 60 வீதம் வட்டாரம், 40 வீதம் கட்சிப் பட்டியல் என்று வந்து உறுப்பினர் தொகை நாடு முழுக்க ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சொந்தமாக ஓராள் என்பது நல்ல யோசனை, காகிதத்தில். நடந்தது என்னவென்றால் வீதிக்கு வருகிற காசை எல்லோரும் சமமாகப் பங்கு பிரித்தார்கள், கோயில் சோறு பகிர்வது மாதிரி. ஆளுக்கு ஒரு துண்டு. அதனால்தான் ஒழுங்கை பாதியில் நிற்கிறது, கொங்கிறீட் முடிந்த இடத்தில் மணல், அந்த விளிம்பில் சைக்கிள் விழுகிறது, அடுத்த வருடம் இன்னொரு துண்டு, இன்னொரு மாலை. முழு ஊருக்கும் எந்த வடிகான் முதலில் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. பல சபைகளில் தனிப் பெரும்பான்மையும் இல்லை, தவிசாளர் பதவியையே முதல் பாதி உனக்கு, மறுபாதி எனக்கு என்று பேசி முடிக்கிறார்கள். அவர் எந்த வடிகானின் பத்து வருடத்தைப் பற்றி யோசிப்பார்?

இதைக் கேட்டால் சிலர் சொல்வார்கள், செயலாளர் காலம் திறம் என்று. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, தேர்தலும் தள்ளிப்போய், 2025 மே 6இல் வாக்களிக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். கல்முனை மாநகர சபைக்கு அந்த மே மாதமும் தேர்தல் நடக்கவில்லை, வழக்கு. உண்மையைச் சொன்னால் அந்தக் காலத்தில் குப்பை வண்டி ஓடியது, சில இடங்களில் முன்னரைவிட நேரத்துக்கு ஓடியது. நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. செயலாளர் நல்லவராக இருந்தால் நல்லது நடந்தது, இடமாற்றம் வந்தால் அவரோடு அதுவும் போனது. அவரைக் கேள்வி கேட்க மாதக் கூட்டம் இல்லை, தோற்கடிக்க வாக்கும் இல்லை. மோசமான உறுப்பினரைத் தேநீர்க் கடையில் வைத்தாவது ஏசலாம், செயலாளருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதானே நின்றோம்.

எங்கள் பக்கக் கணக்கும் இருக்கிறது. வீடு வளவுக்குச் சபை அறவிடுகிற சோலை வரி வருகிற ஊர்களில் பாதிப்பேர் நிலுவை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டுக் காசில் இரண்டு மாடி கட்டியவர்கள் உட்பட. வருட வரி முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் பத்து வீதம் கழிவு, அதைக்கூட வேண்டாம் என்கிறோம். உட்கிராமங்கள் பலவற்றில் வரியே இல்லை, அதனால் அங்கே சபை எதைச் செய்தாலும் தானம் மாதிரி, வாங்குகிறவர்கள் கும்பிட்டு வாங்குகிறார்கள். கட்டிய வரிக்குச் சேவை கேட்கிறவனின் குரல் வேறு மாதிரி இருக்கும். ஆனால் இதையே சாட்டாக வைத்து "நீங்க வரி கட்டினா நாங்க செய்வம்" என்று சபை சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். திறப்பு விழாவுக்குக் கூடாரமும் கதிரையும் ஒலிபெருக்கியும் எடுக்கும்போது வரி நிலுவை யாருக்கும் ஞாபகம் வருவதில்லையே.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்க இடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், நில அளவையாளர்கள், அதிபர்கள் என்று எங்கள் ஊரிலேயே எத்தனை பேர் பின்னேரம் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டு, இருக்கிற வடிகான் எல்லாவற்றையும் நடந்து பார்த்து மட்டம் எடுத்து ஒரு வரைபடம் தரச் சொல்லுங்கள், காசு கேட்கமாட்டார்கள், தேநீரும் வடையும் போதும். அப்புறம் பாதீட்டில் புதிய வேலைக்கு ஒதுக்குவதற்கு முன்னால் பழையதைத் திருத்துவதற்கு என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள், அதை வட்டாரத்துக்குப் பங்கு பிரிக்காதீர்கள்.

எங்கள் பக்கத்துச் சபை உறுப்பினர்களில் இரண்டு பேர் இந்த முகநூல் பக்கத்தில் இருக்கிறார்கள், வாசிப்பார்கள் என்று தெரியும். மழைக்கு முன்னம், பிடித்த மாடுகளை அடைக்கிற சபையின் பட்டி வேலியைத் திருத்தவும், மதகடிக்கு இரண்டு பொறியியலாளர்களையும் ஒரே நாளில் கூப்பிடவும், தூண்களுக்கு இலக்கமிட்டுப் பதிவேடு திறக்கவும் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் தவிசாளரிடம் கொடுக்க வேண்டும். கையெழுத்து வைக்க விரும்பும் ஊரவர்கள் வாசிகசாலைக்கு வாங்கோ, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அங்கேதான் இருப்பேன்.