ஜல்லி இறுகும்வரை வேகம் வராது
ரயில் பாதைப் பராமரிப்பு வேலையை இரவில் மட்டும் செய்தால் பகல் பயணிகளுக்குப் பாதிப்பே இருக்காது என்று கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் திரும்பப் போட்டால் அது உடனே இறுகாது. இயந்திரம் வைத்துக் கெட்டித்தாலும் ரயில்கள் ஓடி ஓடித்தான் முழுசாகப் படியும். அதுவரை அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், பகலிலும்தான். அப்புறம், இரவில் கிடைப்பது சில மணி நேரம். கடைசி ரயில் போய், மின்சாரத்தை நிறுத்தி, இயந்திரம் வந்து சேர்வதற்குள் பாதி போய்விடும். அதனால் மொத்த வேலையும் மாதக்கணக்கில் இழுக்கும். நான் போகும் தடத்தில் 40 நிமிடப் பயணம் எட்டு மாதமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நிலைய அறிவிப்புப் பலகையில் வேலை முடியும் தேதிமேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் புதுத் தேதி எழுதினார்கள். இப்போது அந்தத் தாள்மேல் இன்னொரு தாள். பாதுகாப்புக்காகத்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டுரைக்குக் கருத்துப் போட்ட ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். சரி, பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தாமதம் தினமும் இருக்கும் என்று தெரிந்த பிறகும் பழைய கால அட்டவணையையே மாட்டி வைத்திருப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. கூடுதல் நிமிடங்களைச் சேர்த்து உண்மையான நேரத்தைப் போடட்டும், நாங்கள் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவோம்.