அறுபதுக்குப் பிறகும் இரண்டாம் வாய்ப்பு

கிறிஸ்துமஸ் காதல் நாவல்களில் பனி ஊர், பிரிந்த காதலர் மீண்டும் சேர்வது, எல்லாம் ஒரே அச்சு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ரோசமண்ட் பில்ச்சரின் 'விண்டர் சால்ஸ்டிஸ்' (2000) படித்தவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். இந்த வகையில் நான் மனதார நேசிக்கும் நாவல் அது.

எல்ஃப்ரிடா ஓய்வுபெற்ற நடிகை. ஆஸ்கர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மனைவியையும் மகளையும் ஒரே கார் விபத்தில் இழந்தவர். இருவருக்கும் அறுபதுக்கு மேல். ஸ்காட்லாந்தின் வடக்கே கிரீகன் என்ற கற்பனை ஊரில் ஒரு பழைய வீட்டில் தங்குகிறார்கள். அந்தப் பக்கம் டிசம்பரில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும். வெளிச்சம் ஆறரை மணி நேரம்தான். அதனால்தான் கணப்பு மூட்டுவதும், தேநீர் போடுவதும், நாயை நடத்திக் கூட்டிப்போவதும் அங்கே பெரிய காரியங்களாகத் தெரிகின்றன. துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நாளைக் கடத்த அவைதானே பிடிமானம்! ஆஸ்கருக்குக் கடவுள் மேல் இருக்கும் கோபத்தையும் பில்ச்சர் அவசரப்பட்டு ஆற்றிவிடவில்லை.

பனியால் வழி அடைபட்டு சாம் என்பவர் அந்த வீட்டிலேயே தங்க நேர்வதும், அங்கே எல்ஃப்ரிடாவின் உறவுக்காரப் பெண் கேரி இருப்பதும் வழக்கமான ஏற்பாடுதான், சரி. ஆனால் சாம் வந்திருப்பது ஒரு கம்பளி ஆலையை மறுபடி ஓட வைக்க. ஊருக்கும் அங்கே பிழைப்பு திரும்புகிறது.

தொடக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஆஸ்கரும் எல்ஃப்ரிடாவும் வடக்கே கிளம்பும் வரை தயவுசெய்து கீழே வைத்துவிடாதீர்கள்.