பழைய கேம் என்றால் சுலபமா?

பழைய வீடியோ கேம்கள் எல்லாம் குழந்தை விளையாட்டு என்கிறார் ஒரு கட்டுரையாளர். கான்ட்ரா என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமை மூன்றே உயிரில் முடித்துப் பார்த்திருக்கிறாரா? மேல் மேல் கீழ் கீழ் என்று தொடங்கும் ரகசியக் குறியீட்டைப் பட்டனில் தட்டி 30 உயிர் வாங்கிக்கொண்டும் நானும் அண்ணனும் திணறுவோம். கஷ்டம் மட்டுமல்ல, சிக்கனமும் உண்டு: 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் மொத்தமே 40 கிலோபைட்தான். இடம் மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. அந்தக் கஞ்சத்தனம்தான் எனக்குப் பிடித்தது. 2022இல் வந்த எல்டன் ரிங் என்ற புது கேமும் கஷ்டம்தான், ஆனால் பல இடங்களில் செத்தால் பக்கத்திலேயே எழுப்பிவிடுகிறது. சரி, அதையும் விடாமல் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன்.