கடன் நோட்டில் சோப்பு

எங்கள் கடையில் கடன் கேட்கிறவர்கள் அரிசி கேட்பார்கள், பருப்பு கேட்பார்கள், எண்ணெய் கேட்பார்கள், பிள்ளை அழுதால் பிஸ்கட்டும் கேட்பார்கள். "ஒரு சோப்பு கடனா தாங்கக்கா" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையில் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. அப்பா முப்பது வருஷம் நடத்திய மளிகைக் கடையில் இப்போது நான் நிற்கிறேன். ஊரில் பாதிப் பேர் பயர் ஆபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். மீதியில் பாதி தீப்பெட்டி ஆபீஸ், மிச்சம் காட்டு வேலை. சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம், திங்கட்கிழமை மறுபடி நோட்டு.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அதில் ஒருத்தர் எழுந்து, "சில பிள்ளைங்க சட்டை அழுக்கா, தலையில எண்ணெய் இல்லாம வருது. கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு பெரியவங்க சொல்லலையா? ஏழைன்னா சுத்தமா இருக்கக் கூடாதா? சோப்பு என்ன, தங்கம் விலையா விக்குது?" என்று கேட்டார். நிறையப் பேர் தலையாட்டினார்கள். அந்தச் 'சில பிள்ளைகளில்' ஒன்றின் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டாள். பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை அவளுக்கு. அலுமினியத் தூள் நகக்கண்ணில் ஏறி, வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி இருக்கும். வெறும் தண்ணீரில் அது போகாது. அந்தப் பதிலை அங்கேயே சொல்லாமல் வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சோப்பு என்ன விலை என்று கேட்டாரே, விற்கிறவள் நான் சொல்கிறேன். நாலு பேர் உள்ள வீடு. அம்மாவும் வயசுக்கு வந்த மகளும் உண்டு. ஒரு மாதத்துக்கு என் கடையில் எவ்வளவு சிக்கனமாக வாங்கினாலும் இவ்வளவு ஆகிறது: பத்து ரூபாய் குளியல் சோப்பு ஆறு, பத்து ரூபாய் துணி சோப்பு எட்டு, சோப்புத் தூள் ஆறு பாக்கெட், இருபது ரூபாய் பேஸ்ட் இரண்டு, ஷாம்பு பாக்கெட் முப்பது ரூபாய்க்கு, பாத்திர சோப்பு நாலு, சின்னத் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று நூறு ரூபாய், நாப்கின் இரண்டு பாக்கெட் எண்பது, பினாயில் நாற்பது. கூட்டினால் 530 ரூபாய். பயர் ஆபீஸில் ஒரு பெண் ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் இந்தக் காசு கைக்கு வராது. கைக்குழந்தை இருந்தால் கணக்கே வேறு. படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தால் அதற்கும் மேல்.

இந்த 530 எந்த மாதமும் முழுசாக விற்றதில்லை. எது முதலில் கழியும் என்று எனக்கு மனப்பாடம். முதலில் பினாயில் நிற்கும். அடுத்து ஷாம்பு. பிறகு குளியல் சோப்பு நின்று, துணி சோப்பே உடம்புக்கும் தலைக்கும் ஆகும். அந்தக் காரம் பட்டுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குப் பின்னால் தோல் வெள்ளை வெள்ளையாய் உரிந்திருப்பதைப் பார்க்கலாம். அதற்கும் பிறகு துணி சோப்பில் பாதி கேட்பார்கள். அப்பா காலத்தில் நீள பார் சோப்பு வரும். அதை நைலான் நூலால் அறுத்து, கேட்ட அளவுக்குத் துண்டு போட்டுத் தருவார். இப்போது கம்பெனியே சின்னதாகப் போட்டு அனுப்புகிறது. அதையும் பாதி கேட்டால் கத்தி வைத்துத்தான் வெட்டித் தருகிறேன்.

விலையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பத்து ரூபாய் சோப்பு பத்து வருஷமாகப் பத்து ரூபாய்தானே என்று நினைக்கிறோம். விலை ஏறவில்லை, சோப்பு இளைத்துவிட்டது. சோப்புக்கு மூலப்பொருள் பெரும்பாலும் பாமாயில். 2024 செப்டம்பரில் வெளிநாட்டுச் சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியை ஏற்றினார்கள். அது சமையலறையோடு நிற்காமல் குளிக்கிற இடத்துக்கும் வந்தது. அட்டைப்பெட்டியில் இருக்கிற எண்ணிக்கை அதேதான், தூக்கினால் கனம் குறைந்திருக்கும். நாலு நாளைக்கு வந்த கட்டி மூணு நாளில் கரைந்தால் அதுவும் விலையேற்றம்தான். தரத்திலும் வித்தியாசம் உண்டு. உறையின் பின்பக்கம் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. முதல் தரத்துக்கு 76 இருக்க வேண்டும். விலை மலிந்த கட்டிகளில் அது குறைவு, ஈரம் பட்டதும் கொழகொழவென்று ஆகிவிடும். காசு இல்லாதவள் வாங்குவது சீக்கிரம் கரைகிற சோப்பை.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டியிலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் துணி துவைக்கிற சோப்புத் தூள் 18லேயே நின்றுவிட்டது. உடம்பு அத்தியாவசியம், உடுப்பு ஆடம்பரமா? கந்தையைக் கசக்கத்தானே சொன்னார்கள்?

"ஷாம்பு பாக்கெட் என்று ஒன்றைக் கண்டுபிடித்து ஏழைகளை ஏமாற்றுகிறார்கள்" என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாக்கெட் ஷாம்பு நம் கடலூரில் சின்னிக்கிருஷ்ணன் யோசித்த விஷயம். உழைக்கிற சனமும் வாங்கட்டும் என்று நினைத்தவர் அவர். இன்றைக்கும் மில்லி கணக்குப் போட்டால் பல ஷாம்புகள் பாட்டிலை விடப் பாக்கெட்டில்தான் மலிவு. பாக்கெட் மேல் குற்றமில்லை. அந்த ஒரு ரூபாயும் கையில் இல்லாத நாள் ஒன்று வருகிறதே, அதுதான் பிரச்சினை.

அப்படிப்பட்ட நாட்களை நான் 2018 தீபாவளிக்குப் பிறகு தொடர்ந்து பார்த்தேன். அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் என்கிற ரசாயனம் சேர்க்கத் தடை போட்டது. தீபாவளி முடிந்ததும் பயர் ஆபீஸ்கள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. தீர்ப்பு சரியா தப்பா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. என் கடை நோட்டு மட்டும் சொல்கிறேன். அரிசி ரேஷனில் வந்தது. பருப்பும் பாமாயிலும் ரேஷனில் வந்தன. பசியோடு படுத்த வீடு எங்கள் ஊரில் இல்லை. அந்தக் கதவை நம் மாநிலம் எப்போதோ அடைத்துவிட்டது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த நாலைந்து மாதமும் சோப்பு அட்டை பிரிக்காமல் கிடந்தது. நாப்கின் மேல் தூசி படிந்தது. சாப்பாட்டுக்கு ரேஷன் கார்டு இருந்தது, சோப்புக்கு எந்தக் கார்டும் இல்லை.

நாப்கின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தால் பெண் பிள்ளைகள் வாசல் வரை வந்து திரும்பிப் போவார்கள். நான் நிற்க ஆரம்பித்த பிறகுதான் கேட்கிறார்கள். அப்போதும் வாயால் இல்லை, கண்ணால். பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். ஒருநாள் ஒரு மதினி என்னிடம் மெதுவாக, "நோட்டுல அதை எழுதாத தாயி. மாசக் கணக்கை அவரு வாசிச்சுப் பாப்பாரு. நாப்பது ரூபாய்க்கு இது என்னத்துக்குன்னு சத்தம் போடுவாரு" என்றாள். "அப்போ என்னன்னு எழுத?" "பிஸ்கட்டுன்னு எழுது." இன்றைக்கும் என் நோட்டில் ஏழு வீட்டுக் கணக்கில் 'பிஸ்கட் 40' என்றுதான் இருக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2012ல் வந்த புதுயுகம் திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. பாக்கெட்டுக்கு ஆறு, இரண்டு மாதத்துக்கு மூணு பாக்கெட். மாதத்துக்கு ஒன்பது வருகிறது. ஐந்து நாளைக்கு, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒன்பது எந்த மூலைக்கு? மக்கள் மருந்தகத்தில் ஒரு ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது, 2019லிருந்து. ஆனால் அது டவுனில். பஸ் இலவசம் என்றாலும் அரை நாள் கூலி போகும். முப்பத்தைந்து வயது அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பாக்கெட் கிடையாது. மகளுக்கு வந்ததில் அம்மா ஒன்று எடுத்தால் மகளுக்கு ஒன்று குறையும். பெரும்பாலான அம்மாக்கள் எடுப்பதில்லை. பழைய சேலைத் துணிதான். துணியில் தப்பில்லை, துவைத்து வெயிலில் காயப்போட்டால். அந்தத் துணியைத் துவைக்கவும் சோப்பு வேண்டும், காயப்போட மறைவான வெயில் வேண்டும். இரண்டு அறை காலனி வீட்டில் கட்டிலுக்கு அடியில் காயப்போடுகிறார்கள்.

பெரியவர்களின் பாடு இன்னும் வெளியே வராத விஷயம். எங்கள் தெருவில் ஒரு தாத்தா பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷம் கிடந்தார். அவருக்கு முதியோர் பென்ஷன் 1200 ரூபாய் வந்தது. பெரியவர்களுக்கான டயப்பர் எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் ஒன்று முப்பது ரூபாய்க்குக் குறைந்து இல்லை. பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்றால் மாதம் 1800. பென்ஷனை அப்படியே கொடுத்தாலும் 600 பற்றாது. மருமகள் வேட்டியைக் கிழித்துக் கிழித்துப் போட்டாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணி துவைத்தாள். கை வெடித்துப் போயிற்று. ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அந்த வீட்டுக்குள்ள போக முடியல, ஒரே வாடை. மருமக சரியாப் பாக்கல." பார்த்தவள் அவள்தான். வாசம் வந்தால் குணத்தைத்தான் குறை சொல்கிறோம், வீட்டில் சோப்பு இருக்கிறதா என்று கேட்பதில்லை.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்கள் எனக்குத் தெரியும். "அந்தக் காலத்தில் சீயக்காயும் சாம்பலும் வேப்பங்குச்சியும் வைத்து வாழவில்லையா?" வாழ்ந்தார்கள். இப்போது அடுப்பு கேஸில் எரிகிறது, சாம்பலுக்கு எங்கே போக? சீயக்காய் கிலோ என்ன விலை என்று கடைக்காரியைக் கேளுங்கள், சோப்பை விட அதிகம். காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வேன் ஏறி ராத்திரி வந்து சோறாக்குகிறவள் எந்தக் காட்டில் போய் அரப்பு பறிப்பாள்?

"மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருதே?" வருகிறது. அது வந்த நாளிலிருந்து எங்கள் கடையில் சோப்பு கொஞ்சம் கூடுதலாகவே விற்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். ஆனால் சிலிண்டர் வந்த மாதம் அந்த ஆயிரத்தில் மிஞ்சுவது சில்லறைதான். மிச்ச மாதங்களில் குழுக் கடன் தவணை வாசலில் நிற்கிறது.

"புருஷன் குடிக்கக் காசு இருக்கே?" இருக்கிறது. அவன் குடிப்பதற்காக அவன் மகள் குளிக்காமல் பள்ளிக்கூடம் போக வேண்டுமா?

வறுமைக் கோடு என்று 1970களில் கணக்குப் போட்டபோது கிராமத்துக்கு 2400 கலோரி, நகரத்துக்கு 2100 கலோரி என்று வைத்துத்தான் போட்டார்கள். கணக்குக்கு அச்சாணி வயிறு. வயிறு நிறைந்தவர் ஏழை இல்லை என்ற அந்த எண்ணம் இன்னும் நம் மனசை விட்டுப் போகவில்லை. பசிக்கிறவனைப் பார்த்தால் இரக்கம் வருகிறது, அழுக்காக இருக்கிறவனைப் பார்த்தால் அருவருப்பு வருகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே காலிப் பை. அதனால்தான் அரிசியைக் கடன் கேட்கிற வாய் சோப்பைக் கடன் கேட்கக் கூசுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ரேஷனில் சோப்பைச் சேருங்கள். இப்போதும் பல ரேஷன் கடையில் சோப்பு இருக்கிறது, முழு விலைக்கு. நான் கேட்பது பருப்பும் பாமாயிலும் போல மானிய விலையில், கார்டில் பதிந்து தருவதை. இது நடக்காத காரியம் இல்லை. நடந்திருக்கிறது. 2020 ஊரடங்கில் கேரளம் கொடுத்த பலசரக்குப் பையில் சோப்பு இருந்தது. அடுத்த வருஷம் ஜூனில் நம் தமிழ்நாட்டிலேயே கொரோனா நிவாரணமாக 14 பொருள் கொடுத்தார்கள். கோதுமை மாவு, ரவை, உளுந்து, புளி, கடுகு, சீரகத்தோடு ஒரு குளியல் சோப்பும் ஒரு துணி சோப்பும் அந்தப் பையில் இருந்தன. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பட்டியலை எழுதிய அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு வீட்டின் கணக்கு தெரிந்திருக்கிறது.

அந்தப் பையை வாங்கிக்கொண்டு எங்கள் கடை வழியாகப் போன ஒரு ஆச்சி, குளியல் சோப்பை மட்டும் வெளியே எடுத்து என்னிடம் காட்டினாள். "பெரிய கட்டியாத்தான் குடுத்திருக்கான்" என்று மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். மாவையும் ரவையையும் பையிலேயே விட்டு, சோப்பை மட்டும்.

மாதம் கார்டுக்கு நாலு குளியல் சோப்பு, நாலு துணி சோப்பு, வீட்டில் எத்தனை பெண்களோ அத்தனை பேருக்கும் நாப்கின். படுக்கையில் கிடக்கிறவர் இருந்தால் பென்ஷனோடு டயப்பர். எங்கள் கடை வியாபாரத்தில் இது கைவைக்கும் என்று அப்பா சொல்கிறார். வைக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் காசில் அவர்கள் முட்டை வாங்குவார்கள், பழம் வாங்குவார்கள். அதையும் நான்தான் விற்கிறேன்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் மறுபடி இருக்கிறது. இந்தத் தடவை நான் எழுந்து பேசப் போகிறேன். 530 ரூபாய்ப் பட்டியலை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறேன்.