ஒவ்வொரு மூலகத்துக்கும் யின், யாங் இரண்டும் உண்டு
சீன மரபின் ஐந்து மூலகங்களில் மரமும் நெருப்பும் எப்போதும் யாங் (வெப்பமும் செயலும் உள்ள பக்கம்), உலோகமும் நீரும் எப்போதும் யின் (குளிர்ச்சியும் அமைதியும் உள்ள பக்கம்), மண் மட்டும் நடுநிலை என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்கிறேன். பருவங்களை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்வதுண்டு. மரத்துக்குரிய வசந்தமும் நெருப்புக்குரிய கோடையும் யாங் பக்கம், உலோகத்துக்குரிய இலையுதிர் காலமும் நீருக்குரிய குளிர்காலமும் யின் பக்கம். அதனால் எழுதியவர் மீது பெரிய தப்பில்லை. ஆனால் "எப்போதும்" என்பது சரியல்ல. சீனக் காலக்கணிப்பில் ஐந்து மூலகங்களும் யாங், யின் என இரண்டிரண்டாகப் பிரிந்து பத்து 'வானத் தண்டுகள்' (ஆண்டுகளுக்குச் சுழற்சியாக வரும் குறிகள்) ஆகின்றன. ஜியா என்பது யாங் மரம், யீ என்பது யின் மரம். மண்ணும் இதற்கு விலக்கல்ல.

சரிபார்க்க ஆண்டின் கடைசி இலக்கமே போதும். 4, 5 மரம். 6, 7 நெருப்பு. 8, 9 மண். 0, 1 உலோகம். 2, 3 நீர். இரட்டைப்படை யாங், ஒற்றைப்படை யின். 2024 யாங் மர டிராகன், 2025 யின் மரப் பாம்பு. எந்தச் சீன நாட்காட்டியிலும் இந்த இரண்டு ஆண்டுகளின் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்: மரம் ஒன்றே, தண்டு வேறு. அப்புறம், ஜனவரி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்கு முன் பிறந்தவர்கள் முந்தைய ஆண்டைப் பார்க்க வேண்டும். சீனப் புத்தாண்டு பெரும்பாலும் பிப்ரவரியில்தான் வரும், சில ஆண்டுகளில் ஜனவரிக் கடைசியில்.