அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற ஏரி அல்ல அது

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போய்வந்த எங்கள் பெரியப்பா மகன் எழுதிய பதிவை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். பலர் அதற்கு விருப்பக்குறியும் இட்டிருக்கிறீர்கள். "ஒரு ஏரி, நாலு பஜ்ஜிக் கடை, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, ஏழைகளின் ஊட்டி என்று சும்மாவா சொன்னார்கள்" என்று அவர் எழுதியதற்குக் கீழேயே பதில் எழுதத் தொடங்கி, மூன்று முறை அழித்துவிட்டு, இங்கே எழுதுகிறேன். அண்ணன் மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருக்கிறது, வருத்தம் அதைவிட அதிகம்.

பதினைந்து நாட்களுக்கு முன்பே அவர் என்னிடம் யோசனை கேட்டார். நானும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். மே மாதத்து ஞாயிறு வேண்டவே வேண்டாம், செவ்வாயோ புதனோ வாருங்கள், ஒரு இரவாவது தங்குங்கள் என்றேன். சேலத்திலிருந்து விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினால், கோரிமேடு தாண்டி அடிவாரம் சேர்ந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நெரிசல் தொடங்கும் முன் ஏறிவிடலாம். ஏரியின் மேல் பனிமூட்டம் விலகுவதைக் கரையில் நின்று பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தேன். அண்ணன் குடும்பம் ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு அடிவாரத்தைக் கடந்தது. மேலே ஊருக்குள் இருக்கிற ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கு வரும்போது மணி இரண்டு. படகு இல்லத்தில் வரிசையைப் பார்த்ததும் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். இது ஏரியின் குற்றமா? நேரம் தெரியாமல் வந்தவர்கள் ஏரியைக் குறை சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

கிளியூர் அருவியில் தண்ணீர் இல்லை என்றும் அவர் குறைப்பட்டிருக்கிறார். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்துதான் அந்த அருவி. கோடையில் ஏரி வழியாது. வழியாத காலத்தில் அருவி ஏது? அருவியைப் பார்க்க ஆசை என்றால் மழைக்காலத்தில் வர வேண்டும், அதிலும் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு வர வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் மறந்துவிடவில்லை. இதையும் என் குறிப்பில் எழுதியிருந்தேன். அவர் படித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை என்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தினக்கூலிக்கும் கடை வேலைக்கும் போகிறவர்களுக்கு வேறு நாள் கிடையாது. அவர்கள் ஞாயிறன்று தாராளமாக வரட்டும், விடியலில் வந்து மதியத்துக்குள் இறங்கட்டும். ஆனால் அண்ணனுக்குப் பள்ளி விடுமுறையோடு சேர்த்துப் பத்து நாள் விடுப்பு இருந்தது. கழிப்பறை போதவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்பதெல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஏரியில் குப்பை மிதக்கிறது என்கிறீர்கள். அந்தத் தண்ணீர் பாட்டில்களை மலையில் இருக்கிறவர்கள் மட்டுமா எறிந்தார்கள்? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை மாநிலம் முழுவதும் தடை செய்து, 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏரிக்கரையில் தட்டும் குவளையும் கிடக்கின்றன.

என்னைச் சுட்டது "ஏழைகளின் ஊட்டி" என்கிற சொல்தான். ஊருக்குப் பெயரே ஏரியும் காடும் சேர்ந்து வந்தது என்பார்கள். அந்தப் பெயர் போதாதென்று எதற்கு இன்னொரு ஊரின் நிழலில் இதை நிறுத்த வேண்டும்? ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே தேயிலை, இங்கே சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரங்களில் சுற்றி ஏறிய மிளகுக்கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்த காப்பி அது. என் அப்பா ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதியவர். கோடை மழை ஒன்று பெய்து ஒரு வாரம் கழிந்தால் தோட்டம் முழுவதும் வெள்ளையாகக் காப்பிப் பூ பூத்துவிடும். அந்த வாசனையில் வீட்டுக் கதவைச் சாத்த மாட்டார் அம்மா. உறவினர் யார் வந்தாலும் அப்பா விடியலில் எழுப்பி ஏரியை ஒரு சுற்று நடத்திக் கூட்டிப்போவார், பிறகு சேர்வராயன் குகைக்கோயில், மாலையில் லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலத்து விளக்குகள். சிறுவனாக இருந்தபோது அந்த நடைக்கு வந்தவர்களில் இந்த அண்ணனும் ஒருவர். அவருக்கு அது எப்படி அரை மணி நேரமாகச் சுருங்கியது என்று எனக்குப் புரியவில்லை.

ஊர்ப்பாசத்தில் பேசுகிறாய் என்பார்கள். ஆமாம், பாசத்தில்தான் பேசுகிறேன். ஆனால் பாசம் மட்டும் இல்லை. நீங்கள் சுற்றிப் பார்க்க ஏறுகிற அதே சாலையில்தான் மலையில் இருக்கிறவர்கள் நெஞ்சுவலிக்கும் பிரசவத்துக்கும் இறங்க வேண்டும். மேலே மருத்துவமனை இருந்தாலும் பெரிய சிகிச்சைக்குச் சேலம்தான். சில ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு மே மாத ஞாயிறு மாலையில், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வளைவுகளிலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது தெரியாமல் முந்தி வந்து, இரு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய இறக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அம்மா வண்டியின் பின்னிருக்கையில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவின் எண் பலகையையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். நான் மருத்துவமனை வாசலில் நின்றேன். அப்பா பிழைத்தார். அன்று சாலையை அடைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர்; அவர்களும் யாரிடமும் கேட்காமல், ஒரு ஞாயிறு மதியம், ஏரியைப் பார்க்கக் கிளம்பி வந்தவர்கள்தான்.

அதனால்தான் நாளையும் நேரத்தையும் பார்த்து வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அண்ணன் இதையும் படிப்பார் என்று தெரியும். அடுத்த முறை ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள் அண்ணா. விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் நானே வந்து உங்களோடு ஏறிக்கொள்கிறேன். ஏரிக்குப் போகிற வழியில் வீட்டுக்கும் போகலாம். போன ஞாயிறன்று நீங்கள் வருவதாக நான் சொல்லிவைத்திருந்ததால், உங்கள் சித்தப்பா சட்டை போட்டுக்கொண்டு இருட்டும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்.