மூலை நசுங்கிய பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து ஒரு தம்பி மோட்டாரில் வந்தார், என்னிடம் இருக்கும் சோனிக் பொம்மையை வாங்கிப்போக. செகா கம்பெனியின் வீடியோ விளையாட்டு நாயகன்தான் சோனிக். 60 வெள்ளி (ரிங்கிட்) என்று வாட்சாப்பிலேயே பேசி முடித்திருந்தோம். மோட்டாருக்கு ரோட் டேக்ஸ் கட்ட வேண்டிய மாதம் என்பதால்தான் விற்கவே சம்மதித்தேன். வந்தவர் பெட்டியைக் கையில் வாங்கி ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த சோனிக்கை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"மூலை நசுங்கியிருக்கு அண்ணே. 30க்கு லெட் கோ பண்றீங்களா?"

கொடுக்கவில்லை. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். நல்ல தம்பிதான், அவர்மேல் வருத்தம் இல்லை. ஆனால் அந்த நசுங்கலைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

அந்தப் பெட்டி எனக்குக் கிடைத்தது சுங்கை சிப்புட்டில் ஒரு பண்டல் கடையில், அதாவது பழைய சாமான் விற்கும் கடையில். பண்டல் கடைக்குத் துணி வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். ஜப்பானில் வீட்டைக் காலி செய்யும்போது கழித்துவிடும் சாமான்கள் கண்டெய்னர் கண்டெய்னராக மலேசியாவுக்கு வந்து இறங்குகின்றன. அங்கே பழைய புத்தகம் விற்றுப் பெயர் வாங்கிய புக்காஃப் நிறுவனமே 2016இல் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்று இங்கே கடை திறந்தது. பெரிய கடைகள் எடுத்ததுபோக மிச்சம் மீதி எங்கள் மாதிரி தோட்டப்புற ஊர்களுக்கும் மூட்டையில் வந்துசேர்கிறது. பீங்கான் தட்டு, ஒற்றைக் கால் உறை, மீன்பிடித் தூண்டில், அதற்கு நடுவில் ஒரு சோனிக். பெட்டியின் அடியில் ஜப்பான்காரர்களின் கான்ஜி எழுத்துகள் மூன்று. கைப்பேசியைக் காட்டி மொழிபெயர்த்தேன்: விற்பனைக்கு அல்ல. அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே கடைக்கார மாக்சிக் (மலாய்க்கார அம்மா) ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார், 5 வெள்ளி. சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

'விற்பனைக்கு அல்ல' என்று போட்டிருந்தால் அது கடையில் வாங்கிய பொம்மை இல்லை, ஜெயித்த பொம்மை. ஜப்பானில் கேம் சென்டர்களில் கொக்கி இயந்திரம் இருக்கும். செகா தன்னுடைய கொக்கி இயந்திரமான யூஃபோ கேட்சரை 1985இல் கொண்டுவந்தது. சோனிக்குக்கே ஆறு வயது மூத்தது அது. சோனிக் வந்தது 1991இல். நம்ம ஊர் சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் இயந்திரம் மாதிரி கரடிப் பொம்மையைக் கவ்வித் தூக்குவது மட்டும் இல்லை. உருவப் பொம்மைப் பெட்டிகளைப் பெரும்பாலும் இரண்டு கம்பிகளுக்கு மேல் பாலம் மாதிரி படுக்க வைத்திருப்பார்கள். கொக்கியால் அதைத் தூக்க முடியாது. ஒரு முனையை லேசாக நெம்பலாம், ஒரு விரல் அகலம் நகர்த்தலாம். 100 யென் போட்டு ஒரு நெம்பு, இன்னொரு 100 யென்னுக்கு இன்னொரு நெம்பு. பெட்டி மெல்ல மெல்லத் திரும்பி, சாய்ந்து, ஒரு கட்டத்தில் கம்பிகளுக்கு இடையில் தலைகுப்புற விழும்.

எப்படி விழும்? மூலை குத்தித்தான் விழும்.

என் பெட்டியின் அடியில் குறுக்கே இரண்டு கோடுகள் தேய்ந்திருக்கின்றன. கம்பி மேல் இழுபட்ட தடம் என்று நான் நினைக்கிறேன். கண்டெய்னரிலும் தேய்ந்திருக்கலாம், சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மூலையும் கோடும் சேர்ந்து வரும்போது எனக்கு ஒரு ஆள் கண்ணில் தெரிகிறார். வேலை முடிந்து வந்தவரோ, பள்ளிப் பையையே இறக்காத பையனோ, சில்லறையை எண்ணி எண்ணிப் போட்டு இதை விழ வைத்திருக்கிறார். விழுந்த சத்தத்துக்கு ஒரு கத்துக் கத்தியிருப்பார். அந்தச் சத்தத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இந்த மூலைதான். அதற்குத்தான் 30 வெள்ளி குறைக்கிறார்கள்!

நம்ம சேகரிப்பாளர் வட்டத்தில் 'மிண்ட்', அதாவது கை படாத புத்தம் புதுசு, என்ற ஒரு வார்த்தை சாமியாகிவிட்டது. கடையில் விற்கும் பொம்மைக்கு அது சரி. விளம்பரத்துக்காகக் கொடுத்ததும் பரிசாக வந்ததும் வேறு சாதி. யாரோ கண்காட்சியில் வரிசையில் நின்று வாங்கினார்கள், யாரோ இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார்கள். கை படவே இல்லை என்றால் அது யாரையும் போய்ச் சேரவே இல்லை என்றுதானே அர்த்தம்?

அப்புறம் இந்த 'முதலீடு' பேச்சு. ஜப்பானில் கொக்கி இயந்திரத்தில் வைக்கும் பரிசின் மதிப்பு சுமார் 1000 யென்னைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. 2022 வரை 800 யென்தான். சரக்கின் மதிப்பு அவ்வளவுதான், மிச்சமெல்லாம் நாம் ஏற்றிவிட்டது. நின்டெண்டோவின் அமீபோ, அதாவது விளையாட்டுக் கருவியோடு பேசும் சிப் வைத்த உருவப் பொம்மை, 2014 நவம்பரில் வந்தபோது மார்த், வில்லேஜர், வீ ஃபிட் டிரெய்னர் என்ற மூன்று பொம்மைகளுக்கும் உலகமே அடித்துக்கொண்டது. கம்பெனி மறுபடி அச்சுப் போட்டது, விலை இறங்கியது. 2015 மார்ச்சில் அமெரிக்காவில் வால்மார்ட்டில் மட்டும் தங்க நிற மாரியோ வந்தது. சாதாரண மாரியோவுக்குத் தங்கப் பூச்சு, அவ்வளவுதான். அதற்கும் அதே அடிதடி. இதில் வேடிக்கை, அமீபோவுக்குள் இருக்கும் சிப்பின் கொள்ளளவு 540 பைட். அதே ரக வெற்றுச் சிப் சில வெள்ளிக்குக் கிடைக்கும், தெரிந்தவர்கள் அதில் தகவலை ஏற்றிவிடுகிறார்கள், விளையாட்டுக்கு வித்தியாசம் தெரியாது. பயன்தான் முக்கியம் என்றால் யாருக்கும் பொம்மையே தேவையில்லை. நானும் யோக்கியன் இல்லை. கியூபி என்று ஒரு சதுரப் பயல், 2017இல் ஜப்பானில் மட்டும் விளையாட்டோடு சேர்த்து விற்ற அமீபோ. அதற்கு நான் கொடுத்த காசு என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் பதிவை அவள் படிக்காமல் இருக்க வேண்டும்.

எங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். "பால் வெட்டிப் படிக்க வச்சது இதுக்குத்தானா?" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு ஷோகேஸ் இருக்கும். அதில் மைலோ டின்னோடு இலவசமாக வந்த மங்குகள் ஐந்து, ஒன்றிலும் ஒருநாள்கூட மைலோ குடித்ததில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது நாங்கள் லயத்தைக் காலி செய்தோம். கட்டிலைக்கூட விட்டுவிட்டு வந்தோம், இந்த மங்குகளை மட்டும் தமிழ் நேசன் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லோரியில் வந்தார். ஆறாவது மங்கு அந்தப் பயணத்தில் உடைந்தது. அது எந்தத் திருப்பத்தில் உடைந்தது என்று இன்றைக்கும் சொல்வார். அந்த நாளில் மைலோ டின் வாங்க எத்தனை சம்பளம் காத்திருந்தார் என்பதும் தெரியும். அதனால் யாராவது வந்து இந்த மங்கு என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கேட்கிற தைரியம் அந்த ஈப்போ தம்பிக்கு இருக்காது.

ரோட் டேக்ஸ் கைமாற்று வாங்கிக் கட்டியாகிவிட்டது. சோனிக்கை ஷோகேஸில் மங்குகளுக்குப் பக்கத்தில் வைத்தேன், நசுங்கிய மூலை வெளியே தெரியும்படி. மறுநாள் காலையில் பார்த்தால் அம்மா பெட்டியைத் திருப்பி, மூலையைச் சுவர்ப் பக்கம் வைத்திருக்கிறார். நான் மறுபடி திருப்பி வைத்தேன். இன்று காலை மறுபடி சுவர்ப் பக்கம்.